டீச்சர் நடத்தாமல் விட்ட கடைசி வரி



ஏழு வாரமாக என் பக்கத்தில் ஒரு பதிவும் இல்லை. "டீச்சர் எங்கே காணோம்?", "சித்தி, உடம்பு நல்லா இருக்கா?" என்று விசாரித்த எல்லோருக்கும் நன்றி. பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்துகொண்டேன். இப்போது அஸ்தினாபுரம் வீட்டில் நலமாக இருக்கிறேன். காலையில் வெயில் ஏறும் முன் ராஜேந்திர பிரசாத் சாலை வரை மெல்ல நடந்து போய் வருகிறேன்.

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். கொஞ்சம் கூச்சமான விஷயமும்கூட. "அம்மா, இதையெல்லாமா ஃபேஸ்புக்கில் எழுதுவாங்க?" என்று மகன் முகம் சுளித்தான். மருமகள்தான், "எழுதுங்க அத்தை, நாலு பேருக்கு உதவும்" என்றாள். நான் மருமகள் கட்சி.

நடந்ததைச் சொல்கிறேன்.

சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில்தான் ஆரம்பித்தார்கள். 1990-ல் மும்பையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா இந்தியாவில் முதன்முதலாக இந்த முறையில் பித்தப்பையை எடுத்தார் என்று படித்திருக்கிறேன். இன்றைக்கு நம் தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கமே இது சாதாரணமாக நடக்கிறது. ஆனால் என் பித்தப்பை வீங்கி, சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருந்ததாம். அதனால் பாதியில் வயிற்றைத் திறந்து செய்ய வேண்டியதாகிவிட்டது. அப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குறை என் பக்கம்தான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இரண்டாம் நாள் காலையில் ஒரு நர்ஸ் வந்தாள். "டீச்சர், என்னைத் தெரியுதா? உங்க அஞ்சாம் கிளாஸ், பி செக்‌ஷன்" என்றாள். எனக்கு வலியெல்லாம் மறந்துவிட்டது. ரெட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

ரத்த அழுத்தம் பார்த்தாள். காய்ச்சல் பார்த்தாள். பிறகு சத்தமாகக் கேட்டாள்: "டீச்சர், காத்து பிரிஞ்சுதா?"

பக்கத்தில் என் வீட்டுக்காரர். அடுத்த கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த யாரோ ஒரு இளைஞன். எதிரில் நான் பாடம் சொல்லிக்கொடுத்த பெண். வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. காலையிலிருந்து குமட்டல் வேறு. காற்றும் பிரியவில்லை, ஒன்றும் இல்லை. ஆனால் என் வாயிலிருந்து வந்த பதில்: "ம்... ஆச்சும்மா."

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளிடம் "பொய் சொல்லாதே" என்று சொன்னவள் சொன்ன பொய் அது.

அதை நம்பி அன்று சாயந்திரம் இரண்டு இட்லி கொடுக்கச் சொன்னார்கள். அத்தோடு, காஞ்சிபுரத்திலிருந்து வந்த அக்கா பிளாஸ்கில் கொண்டுவந்த கஞ்சியும் ஒரு டம்ளர் உள்ளே போனது. "வேண்டாம்" என்று சொன்னால் அக்கா மனசு நோகுமே! ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பித்தது வாந்தி. மூன்றாவது தடவை பச்சையாக வந்தது. புதுத் தையலோடு வாந்தி எடுப்பது என்ன வேதனை என்பதை எழுத்தில் சொல்ல முடியாது. மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டார்கள். இரண்டு நாள் அந்தக் குழாயோடு கிடந்தேன். நாலு நாளில் வீட்டுக்கு வர வேண்டியவள் எட்டு நாள் கழித்து வந்தேன்.

டாக்டர் கோபப்படவில்லை. "குடல் மந்தமா இருந்தது உங்க தப்பு இல்லம்மா. அது சில பேருக்கு அப்படித்தான். ஆனா உண்மையைச் சொல்லியிருந்தா இட்லியை நிறுத்தியிருப்போம். இந்த வாந்தி உங்களுக்கு மிச்சமாகியிருக்கும்" என்றார்.

அன்றைக்கு ராத்திரி டூட்டியில் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏன் டீச்சர் மறைச்சீங்க?" என்றாள். "உன் முன்னாடி எப்படிம்மா அதைச் சொல்றது?" என்றேன். அவள் சிரித்தாள். "டீச்சர், ஜீரண மண்டலம் பாடம் நடத்தினப்பகூட பெருங்குடல் வரைக்கும் வந்துட்டு, 'மீதியை வீட்ல படிச்சுக்குங்க'ன்னு சொல்லிட்டீங்க. நான் அதை நர்ஸிங் சேர்ந்த பிறகுதான் படிச்சேன்" என்றாள்.

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்குத் தையலைவிட அது அதிகம் வலித்தது. ஏனென்றால் அது உண்மை.

உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். சார்ட்டை மாட்டி, பிரம்பால் தொட்டுத் தொட்டுக் காட்டுவேன். வாய், உணவுக்குழாய், இரைப்பை. சிறுகுடல் சுமார் 6 மீட்டர், பெருங்குடல் சுமார் 1.5 மீட்டர். அங்கே பிரம்பு நின்றுவிடும். மலக்குடல், மலவாய் என்று சொன்னால் வகுப்பே 'கொல்'லென்று சிரிக்கும். அதற்குப் பயந்து ஒவ்வொரு வருடமும் அந்தக் கடைசி வரியைத் தாண்டிப் போனேன். எத்தனை நூறு பிள்ளைகள்! அத்தனை பேருக்கும் நான் சொல்லாமல் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு: உடம்பில் அந்த இடத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. கடைசியில் அந்தப் பாடம் என்னையே வந்து அடித்தது.

ஆகவே, விட்டுப்போன பாடத்தை இன்று நடத்திவிடுகிறேன். பி செக்‌ஷன் மட்டுமல்ல, எல்லா செக்‌ஷனும் கவனிக்கவும்.

வயிற்றில் ஆபரேஷன் செய்தால் குடல் கொஞ்ச நாள் தூங்கிவிடும். மயக்க மருந்து ஒரு காரணம், குடலைக் கையால் தொடுவது இன்னொரு காரணம், வலிக்குப் போடும் சில ஊசிகள் மூன்றாவது. இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. வயிற்றைத் திறந்தாலே குடலின் அசைவு அடங்கிப்போகிறது என்று லண்டனைச் சேர்ந்த பேய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு உடலியல் அறிஞர்கள் நாய்களிடம் சோதித்து 1899-லேயே எழுதியிருக்கிறார்கள். பொதுவாக முதலில் விழிப்பது சிறுகுடல், ஒரு நாளுக்குள். பிறகு இரைப்பை, ஒன்று இரண்டு நாளில். கடைசியாக எழுந்திருப்பது பெருங்குடல், இரண்டு மூன்று நாள் ஆகும். வீட்டில் எல்லோரும் எழுந்து காபி குடித்த பிறகு கடைசியாகப் போர்வையை விலக்கும் பிள்ளை மாதிரி. அந்தப் பெருங்குடல் எழுந்துவிட்டது என்று சொல்லும் மணிதான் காற்றுப் பிரிவது. நர்ஸ் அதைக் கேட்பது வம்புக்கு இல்லை. அடுத்து உங்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று முடிவு செய்வதற்கு.

முன்பெல்லாம் அந்த மணி அடிக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். 1990களில் டென்மார்க்கில் ஹென்ரிக் கேலட் என்ற அறுவை மருத்துவர் இந்தப் பழக்கத்தை மாற்றிக் காட்டினார். வலியை நன்றாக அடக்கு, சீக்கிரம் எழுப்பி நடக்க வை, சீக்கிரமே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடக் கொடு என்பது அவர் வழி. இப்போது உலகம் முழுக்க அந்த வழிக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். சீக்கிரம் சாப்பிடக் கொடுக்கும் முறை வந்த பிறகு நோயாளி உண்மை சொல்வது இன்னும் முக்கியமாகிவிட்டது. குமட்டுகிறதா, வயிறு உப்புகிறதா என்பது நமக்குத்தானே தெரியும்? எந்த ஸ்கேனும் நம் வாய்க்கு ஈடாகாது.

இங்கே உங்களுக்குச் சிரிக்க ஒரு விஷயம். மூக்குக் குழாயை எடுத்த மறுநாள் டாக்டர் எனக்குச் சொன்னது: "அம்மா, சர்க்கரை இல்லாத சூயிங்கம் வாங்கி மெல்லுங்க." மென்றால், சாப்பாடு வருகிறது என்று நினைத்துக் குடல் விழித்துக்கொள்ளுமாம். பெரிய மாயமெல்லாம் இல்லை, சிலருக்குக் கொஞ்சம் உதவும் என்றார். வகுப்பில் பபிள்கம் மென்றதற்காக என்னிடம் பெஞ்சு மேல் ஏறி நின்ற பையன்களே, மன்னித்துவிடுங்கள். உங்கள் டீச்சர் மூன்று நாள் வார்டில் சூயிங்கம் மென்றுகொண்டு நடந்தாள்.

லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டவர்களுக்கு இன்னொன்று. வயிற்றை உப்பவைக்க உள்ளே கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்துவார்கள். மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்தும். அந்த வலி தோள்பட்டையில் தெரியும். இரண்டுக்கும் நரம்பு உறவு உண்டு. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் குறைந்துவிடும். ஆனால் நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் என்றால் "கேஸ்தான்" என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே சொல்லுங்கள்.

இனி வீட்டுக்கு வந்த கதை.

எங்கள் வீடு தெரியும் இல்லையா? ஹால், ஒரு பெட்ரூம், சமையலறை. பாத்ரூம் கதவு ஹாலைப் பார்த்துத் திறக்கும். நான் வந்த அன்றிலிருந்து பாசத்தோடு பார்க்க வந்தவர்கள் ஹாலை நிறைத்துவிட்டார்கள். ஆப்பிள், சாத்துக்குடி, ஹார்லிக்ஸ், பிரெட். ஒரு குழு எழுந்தால் இன்னொரு குழு. அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, நான் எழுந்து அந்தக் கதவுக்குள் போவதா? அடக்கிக்கொண்டேன். ஒரு நாள், இரண்டு நாள். நாலாம் நாள் போக நினைத்தாலும் வரவில்லை. முக்கினால் தையல் பிரிந்துவிடுமோ என்று பயம். மலம் கல்லாகிவிட்டது. கடைசியில் டாக்டரிடம் போன் போட்டுக் கேட்டு, மலம் இளக்கும் சிரப் வாங்கிக் குடித்து, இரண்டு நாள் அவஸ்தைப்பட்ட பிறகுதான் தீர்ந்தது.

உறவுகளே, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆபரேஷன் ஆனவரைப் பார்க்க வந்தால் பத்து நிமிஷம் போதும். அதற்கு மேல் அன்பு இருந்தால் அவரை எழுப்பித் தெருவில் இரண்டு நடை நடத்திக் கூட்டிவாருங்கள். அதைவிடப் பெரிய மருந்து இல்லை. கையில் ஆப்பிள் இல்லாமல் வந்தாலும் தப்பில்லை.

அடுத்தது பத்தியம். என் சின்ன நாத்தனார் சட்டம் போட்டாள்: தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது, புண் ஆறாது. பருப்பு கூடாது, சீழ் வைக்கும். பாலும் பிரெட்டும்தான் ஆகாரம். பாவம், அவள் தன் மாமியாரிடம் கேட்டதைச் சொல்கிறாள். பெரியவர்கள் சொன்ன எல்லாமே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். குழைந்த சாதத்தில் மிளகு ரசம், இட்லி, இடியாப்பம், மோர், எண்ணெய் குறைவு, காரம் குறைவு, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து தடவை. இவை எனக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டன. ஆனால் தண்ணீரைக் குறைத்தால் மலம் இறுகும். பருப்பால் சீழ் வைக்காது. சீழ் வைப்பது கிருமியால். பருப்பில் இருக்கும் புரதம்தான் புண்ணை ஆற்றும் செங்கல். முதல் சில நாள் வாயு தொந்தரவு செய்தால் பாசிப்பருப்பை நீர்க்கக் குழைத்துச் சாப்பிடலாம். சர்க்கரை, சிறுநீரகம், இதயம் என்று தொல்லை உள்ளவர்கள் அளவை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பித்தப்பையை எடுத்தவர்களுக்கு எதிர்த் தொல்லையும் வரும். பித்தத்தைச் சேர்த்து வைக்கப் பை இல்லாததால் அது சொட்டுச் சொட்டாகக் குடலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு மெதுவடை சாப்பிட்டேன், பத்து நிமிஷத்தில் ஓட வேண்டியதாயிற்று. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் உடம்பு பழகிவிடும். அதுவரை வடைக்கு விடுமுறை. வயிற்றுப்போக்கு நிற்காமல் போனாலோ, மாதக்கணக்கில் நீடித்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் மருந்து இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. மலச்சிக்கல் என்றதும் விளக்கெண்ணெய், நிலாவாரை, பேதி மாத்திரை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பக்கத்தில் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் குடல் இன்னும் முழுசாக விழிக்காத நேரத்தில் பேதி மருந்தால் அதை விரட்டக் கூடாது. எந்த மருந்தானாலும் ஆபரேஷன் செய்த டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சரின் கதை எனக்குள் இருக்கிறது. பல வருடத்துக்கு முன் அவருக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் வயிறு உப்பி வாந்தி. வீட்டில் திருஷ்டி சுற்றினார்கள், ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டு நாளாகக் காற்றோ மலமோ போகவில்லை என்பதை அவர் மகனிடம் சொல்லவில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. குடல் அடைத்துக்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு போய் இரண்டாவது ஆபரேஷன் செய்து பிழைக்கவைத்தார்கள். இரண்டு மாதம் ஆனது அவர் எழுந்து நடக்க. "வெட்கத்துல செத்திருப்பேன் டீச்சர்" என்று பிறகு என்னிடம் சொன்னார். அப்போது நான் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக நினைத்தேன். அவர் சொன்னது உள்ளபடியே உண்மை.

ஆகவே இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு கீழே உள்ள எதுவானாலும் காலைவரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்:

திரும்பத் திரும்ப வாந்தி, முக்கியமாகப் பச்சை நிறத்தில்.
வயிறு உப்பிக் கெட்டியாவது, அதோடு காற்றும் மலமும் நின்றுபோவது.
வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடுவது.
குளிர் காய்ச்சல், தையலில் சீழ்.
கண் மஞ்சளாவது, கறுப்பாகவோ ரத்தமாகவோ மலம் போவது.
ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

நம் வீடுகளில் அன்பு என்றால் "சாப்பிட்டியா?" என்று கேட்பது. தப்பில்லை, நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் வயிற்று ஆபரேஷன் ஆனவரிடம் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "காத்து பிரிஞ்சுதா? வெளிக்குப் போனீங்களா? வயிறு உப்புதா?" இதை மகன் அம்மாவிடம் கேட்க வேண்டும். மருமகள் மாமனாரிடம் கேட்க வேண்டும். தலைவலி இருக்கா என்று கேட்கும் அதே குரலில் கேட்க வேண்டும். கேட்பவர் கூச்சப்படாமல் கேட்டால்தான் படுத்திருப்பவர் கூச்சப்படாமல் சொல்வார். பெண்கள்தான் இதை அதிகம் மறைக்கிறோம். பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்பிள்ளைகள், அறுபது வயதிலும் அப்படியேதான் இருக்கிறோம்.

ஆஸ்பத்திரிகளிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைக்கு 1-0-1 என்று தெளிவாக இருக்கிறது. சாப்பாட்டுக்கு இரண்டே வார்த்தை: சாஃப்ட் டயட். எங்கள் வீட்டில் அதற்கு ஒருவர் பிரெட் என்று அர்த்தம் சொன்னார், இன்னொருவர் கஞ்சி என்றார், மூன்றாமவர் ஐஸ்கிரீம் என்றார். தமிழில் ஒரே ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். என்ன சாப்பிடலாம், எவ்வளவு நடக்கலாம், மலம் போகாவிட்டால் எத்தனை நாளில் சொல்ல வேண்டும், எதற்கு உடனே ஓடிவர வேண்டும். நாலு கேள்விக்குப் பதில் போதும். கேள்வி கேட்கும்போது ஒரு திரையை இழுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது. பாதிப் பேர் அப்போதே உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

என் மாணவர்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்களே, உங்களுக்குத்தான் கடைசி வேண்டுகோள். ஜீரண மண்டலம் பாடம் வரும்போது பிரம்பைப் பெருங்குடலில் நிறுத்தாதீர்கள். பிள்ளைகள் சிரிக்கட்டும். ஐந்து நிமிஷம் சிரித்துவிட்டு அடங்கிவிடுவார்கள். பிறகு அந்த வார்த்தை அவர்களுக்கு வெறும் வார்த்தையாகிவிடும். என்றைக்காவது ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அது அவர்களுக்குப் பயன்படும்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஆறாம் நாள் விடியற்காலை, வார்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது, எனக்கு மணி அடித்தது. அழைப்பு பட்டனை அழுத்தினேன். ஓடிவந்தாள். "என்ன டீச்சர்?" என்றாள். "காத்து பிரிஞ்சுதும்மா" என்றேன், நல்ல சத்தமாகவே. அடுத்த கட்டில்காரரின் மகன் விழித்துக்கொண்டான். இருக்கட்டும்! அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாஸ், டீச்சர்" என்றாள்.

பின்னூட்டத்தில் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். வீட்டுக்கு வந்தாலும் சந்தோஷம். பத்து நிமிஷம்தான், ஞாபகம் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
அஸ்தினாபுரம்.